ஒரு கூரையும் பல கதவுகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘வீடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று நாம் குடியிருக்கும் மனை. மற்றொன்று அறம், பொருள், இன்பம் ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாகச் சொல்லப்படும் விடுதலை. அந்த இரண்டாவது வீட்டை அடைந்தவர் எவரும் திரும்பி வந்து அங்கே வாடகை எவ்வளவு என்று சொன்னதில்லை. ஆகவே முதலாவதைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். அதிலும் பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டைப் பற்றி.

“கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா?” என்ற தலைப்பு நம் பட்டிமன்ற மேடைகளில் தேய்ந்து பளபளப்பாகவே ஆகிவிட்டது. ஓர் அணியினர் பாட்டி சொன்ன கதைகளை நினைவூட்டுவார்கள். எதிரணியினர் மாமியார் கொடுமையை எடுத்து விடுவார்கள். நடுவர் இரு அணிக்கும் நோகாமல், மனம் ஒத்திருந்தால் எந்த வீடும் நல்ல வீடே என்று தீர்ப்பளித்துவிட்டுச் சால்வையுடன் பேருந்து ஏறிவிடுவார். அந்தக் கூட்டுக் குடும்பம் வாழ்ந்த வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை அடுப்புகள், இரவில் கழிப்பறைக்கு எத்தனை தப்படி நடக்க வேண்டும் என்று கேட்ட ஒரு பேச்சாளரையும் நான் இதுவரை கேட்டதில்லை. சேர்ந்து வாழ்வதை மனத்தின் குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். அது பெருமளவுக்குச் சுவரின் குணம் என்பது என் கருத்து. எதைப் பங்கிட்டுக்கொள்ள மனிதரால் இயலாதோ, அதை ஒவ்வொரு குடித்தனத்துக்கும் முதலில் தனியே கொடுத்துவிட வேண்டும். பிறகு பொதுவானவற்றைத் தாராளமாகக் கட்டலாம். இந்த வரிசை மாறினால், எவ்வளவு நல்லவர்களும் குழாயடியில் சண்டை போடுவார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் பிறந்தது முதல் திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருப்பவள். தந்தையார் பனியன் கம்பெனியில் டைலர். தாயார் செக்கிங் வேலைக்குப் போகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கட்டடக் கலை படித்தவள் அல்லள். ஆனால் ஒரு கட்டடம் மனிதர்களை என்ன செய்யும் என்பதை இருபது ஆண்டுகளாக உள்ளே இருந்து பார்த்து வருகிறேன்.

லைன் வீடு தெரியாத நண்பர்களுக்காக ஒரு சிறு வருணனை. நீளமான ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஒன்பது வீடுகள். ஒவ்வொன்றிலும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அதன் பின்னால் ஆறடி அகலச் சமையல் இடம். வீடுகளுக்கு முன்னால் மூன்றடி நடை. நடையின் கோடியில் உப்புத் தண்ணீர்த் தொட்டி, துவைக்கும் கல், ஒரு குளியலறை, இரண்டு கழிப்பறைகள். நல்ல தண்ணீருக்கு வாசலில் ஒரு குழாய். அது வரும் நாள்தான் எங்களுக்குத் திருநாள். இன்று மொத்தம் 34 பேர் இருக்கிறோம்.

பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது; அது சுமார் 102 சதுர அடி. ஆக, எங்கள் அறை விதிப்படி தேர்ச்சி பெற்றுவிடுகிறது! அறைக்கு அளவு சொன்ன விதி, அதில் இருவர் படுக்கிறார்களா அறுவர் படுக்கிறார்களா என்று பார்க்கவில்லை. காகிதத்தில் குறையில்லாத வீட்டில் காலையில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

எங்கள் லைனில் பெரும்பாலோர் எட்டரை மணி ஷிப்டுக்குப் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் அதே நேரம்தான். ஆகவே காலை ஐந்தரை முதல் ஏழரை வரையிலான இரண்டு மணி நேரத்துக்குள் 34 பேரும் கழிப்பறை போய் வந்தாக வேண்டும். இரண்டு கழிப்பறைகளுக்கும் சேர்த்து 240 நிமிடங்கள். ஒருவருக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் 238 நிமிடங்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மிச்சம் இரண்டு நிமிடம். ஒரு குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால், ஒரு தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால், அந்த இரண்டு நிமிடமும் போய்விடும். அதன்பின் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தாமதம். ஒவ்வொரு தாமதத்துக்கும் கம்பெனியில் ஒரு சொல் கேட்க வேண்டும். அப்போது பக்கெட்டை யார் முன்னால் வைத்தது என்று எழும் சண்டையைக் கண்டு, “இவர்களுக்கு ஒற்றுமை இல்லை” என்று தெருவில் போகிறவர் சொல்லிவிட்டுப் போகிறார். மூன்றாவதாக ஒரு கழிப்பறை இருந்திருந்தால் இன்னும் 120 நிமிடம் மிச்சம் இருந்திருக்கும். எங்கள் ஒற்றுமையின் விலை அவ்வளவுதான்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. இரவு பத்து மணிக்கு நடையின் பொது விளக்கு அணைந்துவிடும். அதன்பின் கோடி வரை நடக்க வேண்டுமென்றால் யாரையாவது எழுப்பித் துணைக்கு அழைக்க வேண்டும். அதைத் தவிர்க்க மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீரே குடிக்காத பெண்கள் எங்கள் லைனில் உண்டு. மாதத்தின் சில நாட்களில் அந்த நடையே பல மைல் நீளமாகத் தோன்றும். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். வரைபடத்தில் எழுதாமல் விட்டதால்தானே இங்கே எழுத வேண்டியிருக்கிறது?

அடுத்தது ஒலி. இயற்பியல் மாணவி என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசிரியப் பெருமக்கள் அனுமதிக்க வேண்டும். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர், ஒலியைச் சுமார் 40 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். அதாவது இந்தப் பக்கத்து ஒலி ஆற்றலில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகும். அடுத்த வீட்டுப் பேச்சு முணுமுணுப்பாகக் கேட்குமே ஒழியச் சொற்கள் புரியா. ஆனால் அதே சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தத் திறப்பின் வழியே மட்டும் நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் தப்பிவிடும். பிறகு சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு இருக்கும் குறுக்குச் சுவர் எட்டடியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஓடு வரைக்கும் வெறும் வெளி. ஒன்பது வீட்டுக்கும் காற்று ஒன்று, புகை ஒன்று, பேச்சு ஒன்று. வெங்காயம் வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டியதில்லை, சுவர் மேலாகவே வரும் என்பது அதிலுள்ள ஒரு வசதி. மற்றபடி, ஒரு வீட்டில் கணவன் மனைவியிடம் தணிந்த குரலில் கடனைப் பற்றிப் பேசினாலும் மறுநாள் துவைக்கும் கல்லில் அதற்கு நான்கு பேர் ஆலோசனை சொல்வார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தது இரண்டு பக்கத்துத் தொலைக்காட்சித் தொடர்களின் வசனங்களுக்கு நடுவில்தான். சுவரை ஓடு வரை ஏற்றச் சில நூறு செங்கல் போதும். அதை மிச்சம் பிடித்தவருக்கு எவ்வளவு லாபம் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும், லைன் வீட்டை இடித்துவிட்டு ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கோடி வீட்டில் தனியே இருக்கும் மூதாட்டி எல்லோருக்கும் அப்பத்தா. காலை ஏழு மணிக்கு அவர் கதவு திறக்கவில்லையென்றால் யாராவது போய்த் தட்டுவார்கள். அவருக்குச் சர்க்கரை குறைந்து மயங்கிய நாளில் ஆட்டோ பிடித்தவர், கூடப் போனவர், கஞ்சி வைத்தவர் மூவரும் மூன்று வீட்டார். என் தாயாரும் தந்தையாரும் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு இரவு எட்டரைக்குமேல் வரும் நாட்களில் நான் சாப்பிடாமல் இருந்ததில்லை. அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குக் குடிபோன எங்கள் உறவினர் ஒருவர், எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிய ஓராண்டு ஆயிற்று என்கிறார். அவரிடம் குழாய் இருக்கிறது. தட்டுவதற்கு ஆள் இல்லை.

ஆனால் இந்த நன்மையையும் அந்த அவதியையும் ஒரே மூட்டையாகக் கட்டி, “ஏழைகள் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்கிறார்கள்!” என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்பத்தாவின் கதவைத் தட்டுவதற்கு அவரும் நாங்களும் ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டிய தேவை என்ன? 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் எங்கள் லைனில் ஒருவருக்குத் தொற்று என்றதும் வாசலில் தகரம் அடித்து ஒன்பது வீடுகளையும் ஒரே வீடாகக் கணக்கிட்டு மூடினார்கள். தனித்திருக்கச் சொன்னார்கள். குழாயும் கழிப்பறையும் பொதுவாக இருக்கும் இடத்தில் எவரும் தனித்திருக்க முடியாது என்பதை அந்தத் தகரமே சொல்லிற்று.

சேர்ந்து வாழும் வீட்டை வேறு விதமாகவும் கட்ட முடியும் என்பதை நான் முதலில் கண்டது செட்டிநாட்டில். சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவாகக் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் பழைய வீடு ஒன்றைப் பார்த்தோம். உடன் வந்தவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது நான் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முகப்பைக் கடந்து உள்ளே போனால், நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமுமாக வளவு. அந்த வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் உள்ளும் வெளியுமாக இரண்டு அறைகள். அதற்கு ‘இரட்டை வீடு’ என்று பெயர். கவனியுங்கள், அந்த அறைக்கே ‘வீடு’ என்று பெயர்! பெரிய வீட்டுக்குள் பல வீடுகள்.

அங்கே மணமான மகனுக்குச் சில காலம் கழித்து ‘வேறு வைப்பது’ என்றொரு வழக்கம் இருந்தது. ஒரே கூரைக்குள் தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. அக்குடித்தனம் ஒரு ‘புள்ளி’ ஆகிவிடும். ஊர்க் கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். கூட்டுக் குடும்பத்தின் கோட்டை என்று நாம் நினைக்கும் அந்த மாளிகைகளில் அடுப்பு கூட்டு அல்ல! சோற்றையும் செலவையும் பிரித்துவிட்டு, முற்றத்தையும் திருமணத்தையும் இறப்பையும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். சண்டை எங்கே வரும் என்பதை அறிந்து, அந்த இடத்தில் முன்கூட்டியே கதவு வைத்துவிட்டார்கள். பட்டிமன்றத்தில் இரு அணியினரும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் தலைப்பே போய்விடும்.

அது கடல் கடந்து பொருளீட்டிய வணிகர் செல்வம் கட்டிய வீடு. அங்கேயும் முகப்பு ஆண்களுக்கு, பெண்களின் இடம் பின்கட்டு. நான் அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கையில் காசில்லாத தொழிலாளிக்கு இதே முறையில் கட்ட முடியுமா என்பதே என் கேள்வி. அதற்கு விடை வியன்னா நகரத்தில் இருக்கிறது.

முதல் உலகப் போருக்கு முன் வியன்னாத் தொழிலாளர் குடியிருந்த கட்டடங்கள் எங்கள் லைன் வீட்டுக்கு அக்காள் முறை ஆகும். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடையில் பொதுவாக இருந்தன. அக்குழாயடிக்கு ‘பசேனா’ என்று பெயர். குழாயடி வம்புக்கு அவர்கள் மொழியிலும் ஒரு தனிச் சொல் உண்டாம். போருக்குப் பின் நகராட்சியைக் கைப்பற்றிய சமூக ஜனநாயகக் கட்சி, 1923இல் வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரி போட்டது. பெரிய மாளிகைக்கு மிக அதிகம். சிறிய வீட்டுக்கு மிகக் குறைவு. அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அவற்றுள் புகழ்பெற்ற கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு 1927இல் தொடங்கி 1930இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அக்கட்டடத்தில் 1,382 வீடுகள்.

அவர்கள் செய்த வரிசையைப் பாருங்கள். முதலில் நடையில் இருந்த குழாயையும் கழிப்பறையையும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோனார்கள். வீடு சிறியதுதான், ஆனால் அவை இரண்டும் உள்ளே. அதன்பிறகே வெளியில் பொதுச் சலவைக்கூடம், குளியற்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், பெரிய தோட்ட முற்றங்கள். எவரும் அவசரத்தோடு ஓடிவராத இடங்களாகப் பார்த்துப் பொதுவாக்கினார்கள். நூறாண்டு நெருங்குகிறது, இன்றும் அதில் மக்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் மாஸ்கோவில் நார்கோம்ஃபின் என்ற கட்டடத்தில் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். பெண்களை அடுப்படியிலிருந்து மீட்பது என்ற உயர்ந்த நோக்கத்தோடு, பல வீடுகளில் முழுச் சமையலறையே வைக்காமல், பொது உணவுக்கூடம் கட்டினார்கள். நோக்கத்தில் குறை காண எனக்கு மனமில்லை; என் தாயாருக்கும் அப்படி ஒரு மீட்பு தேவைதான். ஆனால் அடுப்பை எடுத்துவிட்டுக் கொடுக்கும் பொதுச் சோறு வேறு. அடுப்பு இருக்கும்போதே விரும்பிப் போய்ச் சாப்பிடும் பொதுச் சோறு வேறு. டென்மார்க்கில் 1972இல் சேத்தடாமன் என்ற இடத்தில் 27 குடும்பங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குடியிருப்பில் இந்த இரண்டாவது வழியைக் காண்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை உண்டு. நடுவில் ஒரு பொது வீடும் உண்டு. அங்கே முறைவைத்துச் சமைத்துச் சேர்ந்து உண்கிறார்கள். இதைவிட முக்கியமானது, குடிவரப் போகிறவர்களே கட்டடக் கலைஞரோடு உட்கார்ந்து எதைப் பொதுவாக்குவது என்று பேசி முடிவு செய்தது. அவர்கள் வசதி படைத்தவர்கள், நிலம் வாங்க முடிந்தவர்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் “உங்களுக்கு எது வேண்டும்?” என்று கேட்பதற்குச் செலவு இல்லையே!

நம் நகரங்களில் இப்போது ‘ஷேரிங்’ என்ற சொல் புழங்குகிறது. பகிர்தல் என்ற பொருளில் அல்ல. ஓர் அறையில் எத்தனை கட்டில் என்ற பொருளில். டூ ஷேரிங், ஃபோர் ஷேரிங், சிக்ஸ் ஷேரிங் என்று தூணுக்குத் தூண் விளம்பரம். படித்து முடித்து வேலைக்குப் போகும் நம் தோழியரில் பலர் அங்கேதான் போகப் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காகத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய், 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்க வெளியே வரும்போது அரசு முன்வந்து இடம் கட்டுவதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அறைக்கு ஆறு பேர் என்று கணக்குப் போடும்போது, கட்டிலோடு ஷிப்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவள் தூங்கும்போது, காலை ஷிப்டுக்குப் போகிறவள் விளக்கைப் போட்டுத்தான் தலை சீவ வேண்டும். ஒரே ஷிப்டுக்காரர்களை ஒரே அறையில் வைப்பது, கட்டிலுக்கொரு திரை, தலைமாட்டில் தனி விளக்கு, காய்ச்சல் கண்டால் கஞ்சி வைக்க மாடிக்கொரு சிறு அடுப்படி, தாயுடன் தொலைபேசியில் அழுது பேச ஒரு மூலை: இவை கோடிகளில் வரும் செலவுகள் அல்ல. படுக்கையை எண்ணுகிறவர்கள் இவற்றையும் எண்ணட்டும்.

இதுவரை சொன்னவை செங்கல்லும் சிமெண்டும் கொண்டு தீரக்கூடியவை. தீராத ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். வாடகைக்கு வீடு தேடிப் போனால் பல இடங்களில் அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன் வரும் கேள்வி, “நீங்க என்ன ஆளுங்க?” என்பது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, “குழாய் பொதுவுங்க, மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க” என்பதே. சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இருவர் எங்கள் லைனில் காலியாக இருந்த வீட்டைப் பார்க்க வந்தார்கள். கேள்வி கேட்கப்பட்டது; போய்விட்டார்கள். அந்த வீடு இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. தனியாக வரும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

இதை ஆசிரியர் ஒருவரிடம் பேசியபோது அவர் கூர்மையான ஒரு தடை எழுப்பினார். “ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் கொடுத்துவிட்டால் தீண்டாமைக்கு வசதி செய்து கொடுத்ததாகாதா? ஒரே குழாயில் நின்றால்தானே பழகுவார்கள்?” பல நாள் யோசித்தேன். ஒரே குழாயில் நின்றதால் எங்கள் லைனில் எவரும் பழகி மாறியதாக நான் காணவில்லை; வேண்டாதவர் அந்தக் குழாய்வரை வந்து சேரவே இல்லை. தண்ணீர் பற்றாத இடத்தில் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறோம். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று ஒதுக்கி, சாதிக்கொரு தெரு என்றில்லாமல் கலந்து குடியேற்றினார்கள். அங்கேயும் வீடு அவரவருக்குத் தனி. சமுதாயக் கூடமும் இடுகாடும் பொது. யார் பக்கத்தில் யார் என்பதை வீட்டுக்காரரின் கேள்வி அல்லாமல் அரசின் ஒதுக்கீடு முடிவு செய்தது என்பதே அதிலுள்ள பெரிய செய்தி. வாடகை வீட்டில் அப்படி ஒதுக்க முடியாது. குழாயை உள்ளே கொண்டுபோனால், “குழாய் பொதுவுங்க” என்ற சாக்காவது வீட்டுக்காரர் கையிலிருந்து போகும்; கேள்வி வெறும் கேள்வியாக, அதன் உண்மையான நிறத்தில் நிற்கும். என் விடை இவ்வளவுதான். ஆசிரியர் இதற்கு இன்னும் ஒப்பவில்லை.

இந்தப் பேச்செல்லாம் எங்களுக்கு இப்போது வெறும் பேச்சாக இல்லை. எங்கள் வீட்டுக்காரர் லைனை இடித்துவிட்டு மாடியோடு பன்னிரண்டு வீடுகள் கட்டப் போகிறார். மேஸ்திரி எழுதிக் கொடுத்த கணக்கை என்னிடம் நீட்டி, “அம்மணி, நீ படிக்கிற புள்ளதானே, கூட்டல் சரியான்னு பாரு” என்றார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மூன்று பொதுக் கழிப்பறை, மூன்றடி நடை என்று போட்டிருந்தது.

நான் வேறொரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். விதிப்படி ஒரு கழிப்பறைக்கு 1.1 சதுர மீட்டர் போதும். ஏறத்தாழ 12 சதுர அடி. பன்னிரண்டுக்கும் சேர்த்து 144. அது ஓர் அறையின் அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆகப் பன்னிரண்டு வீட்டில் ஒரு வீட்டை விட்டுக்கொடுத்தால் மற்ற பதினொரு வீட்டுக்கும் கழிப்பறையும் குழாயும் உள்ளே வந்துவிடும். 4,400 ரூபாய் வீதம் பன்னிரண்டு வீட்டு வாடகை 52,800. பதினொரு வீட்டுக்கும் 4,800 வைத்தால் அதே 52,800. கட்டும் செலவு கூடும்; ஆனால் மாதா மாதம் வரும் வரவில் ஒரு ரூபாயும் குறையாது. இப்போது இருக்கும் ஒன்பது வீட்டாரிடமும் கேட்டேன். எழுவர் நானூறு கூடக் கொடுக்கத் தயார். ஒருவர் கணவரைக் கேட்க வேண்டும் என்றார். அப்பத்தா, “எனக்கேது கண்ணு நானூறு? நீங்க எல்லாம் உள்ள போயிட்டா நா யாரு கூட நிக்கிறது?” என்று கேட்டார்.

அதற்காகத்தான் நடையை ஐந்தடியாக வரைந்தேன். தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் தனி ஆளுக்கென்று பழைய வாடகையிலேயே ஒரு சிற்றறையும், அதன் கதவு எல்லோரும் போய்வரும் வழியைப் பார்த்திருக்குமாறும் வரைந்தேன். துவைக்கும் கல்லும் மொட்டைமாடியும் பொதுவாகவே இருக்கட்டும் என்று எழுதினேன். குறுக்குச் சுவர் கூரை வரை போக வேண்டும் என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

வீட்டுக்காரர் கழிப்பறைக் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், தவறு கிடைக்கவில்லை. “நடை எதுக்கு அஞ்சடி? மூணு பத்தாதா?” என்றார். மூன்றடியில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் தாண்டிப் போக முடியாதுங்க ஐயா, ஐந்தடி என்றால் ஒருவர் உட்கார்ந்து கீரை ஆயலாம், இன்னொருவர் தண்ணீர்க் குடத்தோடு போகலாம், நின்று நாலு வார்த்தை பேசவும் இடமிருக்கும் என்றேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேஸ்திரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள்.